சீமைச் சுண்ணாம்பில் தொலைந்த 61 நிமிடங்கள்

பெசன்ட் நகர் பக்கம் 12 கிலோமீட்டர் ஓட எனக்கு 84 நிமிடம் ஆகும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். இதை ஓட்டம் என்றால் ஓடுகிறவர்கள் சிரிப்பார்கள். நடை என்றால் நடக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பத்து வருடமாக இதே வேகம்தான். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் குறையவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் அதே 12 கிலோமீட்டரை ஓடி முடிக்க 145 நிமிடம் ஆனது. வெயில் இல்லை, வியர்வைக் கசகசப்பு இல்லை, குறுக்கே வரும் ஸ்கூட்டர் இல்லை. நியாயமாகப் பார்த்தால் வேகமாக ஓடியிருக்க வேண்டும். என் தாத்தா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. நாலணா துண்டு விழுந்தாலும் அன்று ராத்திரி தூங்கமாட்டார். அந்த ரத்தம் எனக்குள்ளும் கொஞ்சம் ஓடுகிறது போல. விழுந்த துண்டு 61 நிமிடம். எங்கே போனது?

அக்கா மகன் பிரைட்டனில் வேலை பார்க்கிறான். ஒரு மாதம் அவனோடு தங்கப் போயிருந்தேன். இரண்டாவது வாரமே, "மாமா, ஏழு அக்கா தங்கைகளைப் பார்த்துட்டு வரலாமா?" என்றான். செவன் சிஸ்டர்ஸ் என்பது கடலோரத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பாறை முகடுகள். 12-ஆம் எண் மாடிப் பேருந்தில் ஏறி எக்ஸீட் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து முகடுகளின் தலைமேலேயே ஓடி, பீச்சி ஹெட் என்ற உச்சியைக் கடந்து ஈஸ்ட்போர்ன் ஊரில் முடிப்பது திட்டம். சவுத் டவுன்ஸ் வே என்ற நெடுந்தடத்தின் கடைசித் துண்டு இது.

முழுத் தடமும் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். 1972-இல் இதன் பெரும்பகுதியைத் திறந்தார்கள். நாடு முழுக்க இப்படிப் பல நெடுந்தடங்கள். எல்லாவற்றுக்கும் ஓக் மரத்தின் கொட்டைதான் அடையாளம். அந்தச் சின்னம் பொறித்த மரக்கம்பத்தைப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கலாம். பாதை யாரோ ஒருவருடைய வயலுக்குள் நுழையும், ஆட்டு மந்தைக்கு நடுவே போகும். நடப்பவரின் வழியுரிமை சட்டப்படி நிலைத்தது, கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். இந்த 160 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓடும் பந்தயம் ஒன்றும் உண்டு. 30 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். நமக்கு 12 போதும்.

'டவுன்ஸ்' என்றதும் இறக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பழைய ஆங்கிலத்தில் குன்றுக்கு 'டூன்' என்று பெயராம். அதிலிருந்து வந்த சொல். பெயரில் இறங்குவதும் நிலத்தில் ஏறுவதுமான ஊர். என் கணக்கு தப்பியதற்கு இதுவே முதல் குறி.

எக்ஸீட்டில் பேருந்து நிற்கும் இடம் ஏறக்குறையக் கடல் மட்டம். கக்மியர் என்ற சிற்றாறு பாம்பு போல வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. உண்மையில் அந்த வளைவுகளில் இப்போது ஆறு ஓடுவதில்லை. 1840-களில் நேராக ஒரு கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். வளைவுகள் தேங்கிய நீரோடு அழகுக்கு நிற்கின்றன. அதன் ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் சமதளத்தில் ஓடினோம். பெசன்ட் நகர் வேகம் அப்படியே வந்தது. "பார்த்தியாடா?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் முன்னால் கையைக் காட்டினான். பச்சைச் சுவர் மாதிரி ஒரு புல் சரிவு. ஹேவன் ப்ரோ, மூத்த அக்கா. 77 மீட்டர்.

ஏழு என்கிறார்களே தவிர வரைபடத்தில் பெயர்களை எண்ணினால் எட்டு வருகிறது. ஒன்றில் ஏறி முடித்தவுடன் பாதை சரேலென்று விழுந்து, பள்ளத்தின் அடியைத் தொட்டு, மறுபடி எழுகிறது. கடலில் அலை மேல் போகும் கட்டுமரம் போல இருந்தது. இந்த நில அலையை யார் செய்தது?

நாம் சாக்பீஸுக்குச் சீமைச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். (இன்றைய பள்ளிக்கூடச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம்தான், பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) அசல் சீமைச் சுண்ணாம்பு, சீமையிலேயே, காலுக்கடியில் இருந்தது. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் காலத்தில், இந்தப் பகுதி வெதுவெதுப்பான கடல். அதில் மிதந்த ஒற்றைச் செல் பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திக்கொண்டிருந்தன. ஒரு தகட்டின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. செத்த பாசிகளின் தகடுகள் அடியில் படிந்தன. ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில். 1868-இல் தாமஸ் ஹக்ஸ்லி நார்விச் நகரத்துத் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து ஒரு சுண்ணாம்புக் கட்டியைப் பற்றியே முழு உரை நிகழ்த்தினார். இன்றும் கடலில் வாழும் அந்தப் பாசிகளில் ஒன்றுக்கு அவர் பெயர்தான்.

இந்தப் பாறை ஒரு கடற்பஞ்சு. கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நுண்துளைகளாகவே இருப்பது சாதாரணம். போதாததற்கு விரிசல்கள் வேறு. மழை பெய்தால் அப்படியே குடித்துவிடும். அதனால் இங்கே மேட்டில் ஓடைகளே கிடையாது. ஓடையே இல்லாத நிலத்தில் ஓடை அறுத்த மாதிரியான பள்ளத்தாக்குகள் எப்படி வந்தன?

பனி யுகத்தின் வேலை அது. பிரிட்டனின் வடபகுதியை மூடிய பனிப்பாளம் இந்தக் குன்றுகள் வரை வரவில்லை. ஆனால் குளிர் வந்தது. தரை ஆழம்வரை உறைந்து கிடந்தது. துளைகளில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதும் பஞ்சு தகரமாகிவிட்டது. கோடையில் மேலே உருகிய நீர் உள்ளே இறங்க வழியின்றி மேற்பரப்பிலேயே ஓடி, இளகிய சுண்ணாம்பை அரித்து வாய்க்கால் வெட்டியது. யுகம் முடிந்து நிலம் இளகியதும் நீர் மறுபடி உள்ளே போய்விட்டது. பள்ளங்கள் மட்டும் வறண்டு நின்றன. பிறகு கடல் வந்து இந்த நிலத்தைக் கத்தியால் கேக் வெட்டுவது போலக் குறுக்கே வெட்டியது. வெட்டுமுகத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறித் தெரிவதுதான் ஏழு சகோதரிகள். பாதை கடலை ஒட்டியே போவதால் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்காமல் அத்தனையையும் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. பழைய பனிக்கு நான் மூச்சிரைப்பில் வரி கட்டினேன்.

ஈஸ்ட்போர்னில் முடிக்கும்போது என் கைக்கடிகாரம் மொத்த ஏற்றம் 480 மீட்டர் என்றது. கடல் மட்டத்தில் தொடங்கிக் கடல் மட்டத்தில் முடித்ததால் இறக்கமும் அதே 480. பள்ளிக்கூட இயற்பியலைக் கேட்டால் புவியீர்ப்புக்கு எதிராக நான் செய்த நிகர வேலை பூஜ்யம் என்று சொல்லும். அந்தப் பூஜ்யத்தை என் தொடை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஏற்றத்தின் கணக்கு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு சூத்திரம் சொன்னார் (கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் வேறு ஆள்). மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது ஒரு அடி உயரம் ஏறுவது ஏறத்தாழ எட்டு அடி சமதளத்துக்குச் சமம். ஏதோ குத்துமதிப்பாகச் சொன்னது போலத் தெரியும். நூறு வருடம் கழித்து, 1998-இல், பிலிப் ஸ்கார்ஃப் என்ற புள்ளியியலாளர் மலை ஓட்டப் பந்தயப் பதிவுகளை அலசிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுக்கு எட்டுதான் வந்தது. என் 480 மீட்டர் ஏற்றத்தை எட்டால் பெருக்கினால் 3.84 கிலோமீட்டர். என் வேகத்தில் அதற்கு 27 நிமிடம்.

ஏன் எட்டு? சமதளத்தில் ஓடும்போது உடம்பு குதிக்கும் பந்து. பாதம் தரையில் பதியும்போது குதிகால் நாணும் உள்ளங்கால் வளைவும் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, உந்தும்போது திருப்பிக் கொடுக்கின்றன. 1987-இல் மெக்நீல் அலெக்ஸாண்டரும் கூட்டாளிகளும் அளந்தார்கள்: 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓரளவு வேகமாக ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு இழந்து திரும்பப் பெறும் ஆற்றல் சுமார் 100 ஜூல், அதில் குதிகால் நாண் 35 ஜூலையும் உள்ளங்கால் வளைவு 17 ஜூலையும் வெறும் ரப்பர் வேலையாகச் செய்துவிடுகின்றன. பாதிச் செலவு தள்ளுபடி. ஆனால் நாண் விழுந்ததைத்தான் எழுப்பித் தரும். புதிதாக உயரம் ஏற்றித் தராது. மேட்டில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட உயரத்தில் முடிய வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதையும் தசை தன் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். தசையோ நூறு ரூபாய் எரிபொருளுக்கு இருபத்தைந்து ரூபாய் வேலை செய்கிற இயந்திரம். என் 65 கிலோவை 480 மீட்டர் தூக்க மட்டும் ஏறத்தாழ 290 கிலோகலோரி. ஐந்தாறு இட்லி.

மூன்றாவது முகட்டில் அக்கா மகன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முழங்காலில் கை ஊன்றி நடக்க ஆரம்பித்தான். இருபத்தெட்டு வயசுப் பையன் நடக்கிறானே என்று நான் விடாமல் ஓடினேன். அவன் நடந்தே என்னோடு வந்துகொண்டிருந்தான். அறிவியல் அவன் பக்கம். சரிவு 15 டிகிரியைத் தாண்டினால், அதே வேகத்தில் உயரம் ஏற ஓடுவதைவிட நடப்பதற்கே ஆற்றல் குறைவாகச் செலவாகிறது என்று ஓடுபட்டையில் அளந்து காட்டியிருக்கிறார்கள். மலை ஓட்டக்காரர்கள் இதை அளவுகோல் இல்லாமலே காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். கௌரவம் பார்த்து ஓடியது நான்தான்.

சரி, ஏற்றத்தில் போட்டதை இறக்கத்தில் எடுத்துவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது இழந்ததை இறங்கும்போது ஈடுகட்டிக்கொள்வது சென்னையில் பழக்கம். இத்தாலிய உடலியக்க ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டி 2002-இல் வெளியிட்ட அளவுகள் இந்த ஆசையை உடைக்கின்றன. சமதளத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் மூன்றரை ஜூல். நூற்றுக்கு இருபது ஏற்றத்தில் அது 9 ஜூல். அதே இறக்கத்தில் 1.8 ஜூல். ஏறி இறங்கிய சராசரி 5.4. ஆக, சமதளத்தைவிட ஒன்றரை மடங்கு. ஏற்றம் வாங்கிய கடனில் இறக்கம் வட்டியைக்கூட ஒழுங்காக அடைப்பதில்லை. இன்னும் செங்குத்தானால் இறங்குவதன் செலவே மறுபடி கூடத் தொடங்கிவிடும்.

ஆனாலும் 1.8 என்பது 3.5-இல் பாதிதானே, அப்படியானால் இறக்கத்தில் என் வேகம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கடிகாரத்தின் பதிவைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது செங்குத்தான இறக்கங்களில் நான் ஏற்றத்தைவிட ஏதோ சற்றே வேகமாகத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. இருந்தும் கால் போக மறுத்தது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சைக்கிள்களின் கதை வேண்டும்.

1952-இல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று உடலியங்கியலாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவரின் பெடல் பின்னோக்கிச் சுற்றும். அவர் அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் காலிலும் இருக்கும் விசை ஒன்றுதான். ஆனால் மிதிப்பவரின் தசை சுருங்கியபடி இழுக்கிறது. தடுப்பவரின் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது பெரிய உடம்புக்காரரான ஒரு ஆண் மிதித்தார்; சின்ன உருவப் பெண் ஒருவர் தடுத்தார். கொஞ்ச நேரத்தில் மிதித்தவர் களைத்துவிட்டார், அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளவே இல்லை. சபை சிரித்ததாம். (பிக்லண்டும் ரிச்சியும் கணவன் மனைவி. அந்த வீட்டில் யார் மிதித்தார்கள், யார் தடுத்தார்கள் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.)

கிணற்றில் வாளியை இறக்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். தூக்கும்போது கை ஓய்கிறது. நிறைந்த வாளியைக் கயிற்றை விட்டு விட்டு இறக்கும்போது மூச்சு வாங்காது. ஆனால் உள்ளங்கை உரிகிறது. தசைக்குள் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று கொக்கிபோட்டு இழுக்கின்றன. சுருங்கும்போது ஒவ்வொரு கொக்கியையும் கழற்றி மாட்ட எரிபொருள் வேண்டும். நீளும்போது கொக்கிகளை வெளிவிசையே பிய்த்துவிடுகிறது, எரிபொருள் மிச்சம். மலிவு வேலைதான். ஆனால் பிய்ப்பது பிய்ப்பதுதான். சில இழைத் துண்டுகள் அளவுக்கு மீறி நீண்டு, ஒழுங்கு குலைந்து, நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்க, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே என் 65 கிலோவைப் பிடித்து நிறுத்தியது. கீழே வந்த 480 மீட்டரின் ஆற்றலில் பெரும்பகுதி என் தொடைக்குள்ளேயே சூடாகக் கரைந்துபோனது. பத்து வருடம் சமதளத்தில் ஓடிய தொடைக்கு இந்த உத்தியோகம் புதிது. அது தயங்கியது. அந்தத் தயக்கம்தான் ஏற்றத்தின் கணக்கு போக மீதித் துண்டில் பெரும்பகுதி என்று இப்போது நினைக்கிறேன்.

தரையின் மேல் பழி போடவும் பார்த்தேன். புல் அடர்த்தியாக, ஆடு மேய்ந்து கத்தரித்த கம்பளம் போல இருக்கிறது. பழைய சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகூட இருக்குமாம். ஆனால் அதற்குள் முயல் வளைகள். பாதை தேய்ந்த இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்பும், அதில் பற்கள் போலத் துருத்தும் சிக்கிமுக்கிக் கற்களும். முந்தைய ராத்திரி தூறியிருந்ததால் சுண்ணாம்பின் மேல்தோல் மட்டும் குழைந்து, சுவருக்கு அடிக்கும் வெள்ளை மாதிரி வழுக்கியது.

ஆனால் கரடுமுரடு என்பதற்காக ஆற்றல் அப்படியொன்றும் அதிகம் செலவாவதில்லை. வொலோஷினா, ஃபெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஓடுபட்டையில் சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டி, இரண்டரை சென்டிமீட்டர் வரை மேடுபள்ளம் உண்டாக்கி அளந்தார்கள். நடப்பவர்களுக்குச் செலவு 28 சதவீதம் கூடியது. ஓடுபவர்களுக்கு வெறும் 5 சதவீதம். எனக்கு இது நம்ப முடியாத எண்ணாகத்தான் இருந்தது. யோசித்தால் புரிகிறது: நடக்கும் கால் குச்சி மாதிரி நீட்டி ஊன்றுகிறது, ஓடும் கால் மடங்கிய ஸ்பிரிங். தரை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஸ்பிரிங் விழுங்கிக்கொள்கிறது. தரையின் இறுக்கம் மாறினால் முதல் அடியிலேயே கால் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்கிறது என்பதும் அளந்து கண்டதுதான்.

தரை எடுத்துக்கொள்வது கண்ணை. கரடான நிலத்தில் நடப்பவர்களின் பார்வையைக் கருவி மாட்டி ஆராய்ந்தபோது, அவர்கள் சுமார் ஒன்றரை வினாடி கழித்துக் கால் விழப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு போவது தெரிந்தது. என் வேகத்தில் ஒன்றரை வினாடி என்பது மூன்றரை மீட்டர். ஆக, உலகத்திலேயே அழகான கடற்கரைகளில் ஒன்று என்று பெயரெடுத்த இடத்தில் நான் பெரும்பாலும் பார்த்தது மூன்றரை மீட்டர் புல். தலையைத் தூக்கி ஒருதரம் கடலைப் பார்த்தேன். வலது கணுக்கால் மடங்கியது. நல்லவேளை, பிசகவில்லை. கால் புரளும் வேகத்துக்குத் தசை அனிச்சையாகச் சுதாரிப்பது பெரும்பாலும் தாமதம். கால் பதிவதற்கு முன்பே தசைகள் தயாராக இறுகியிருக்க வேண்டும். அந்தத் தயாரிப்புக்குத் தகவல் கொடுப்பது கண். கண் ஊர் சுற்றப் போனால் கணுக்கால் அநாதை.

பர்லிங் கேப் என்ற இடத்தில் முகடுகள் முடிந்து, பாதை கடல் மட்டத்தை நெருங்கி இறங்குகிறது. ஒரு தேநீர்க் கடை. அதையொட்டி, விளிம்பில் பல் விழுந்த மாதிரி ஒரு வரிசை வீடு. கடல் நெருங்க நெருங்கச் சில வீடுகளை இடித்தாகிவிட்டது. பாறையின் அடியில் அலை அரித்த தளத்தில் சேர்ந்திருக்கும் ஒரு அரிய பெரிலிய அணுவை அளந்து 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது: பல ஆயிரம் ஆண்டுகள் இந்தக் கரை ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தது, கடந்த 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர். அடுத்த குன்றின் மேல் நிற்கும் பெல் டூட் கலங்கரை விளக்கத்தை, 850 டன் கட்டடத்தை, 1999-இல் கான்கிரீட் விட்டங்கள் போட்டு 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். விளிம்பில் புல் உறுதியாகத் தெரியும். அடியில் ஒன்றுமே இருக்காது. "அந்தப் பக்கம் போகாதீங்க மாமா" என்று அக்கா மகன் ஏழெட்டு முறை சொன்னான்.

தேநீர்க் கடையை விட்டு எழுந்ததும் கிழக்கிலிருந்து காற்று பிடித்தது. இந்தக் கரையில் தென்மேற்குக் காற்றுதான் வழக்கம், அதனால் இந்தத் திசையில் ஓடினால் காற்று முதுகைத் தள்ளும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தான். எதிர்க்காற்றில் அவனுக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் ஒண்டிக்கொண்டேன். கூச்சப்பட ஒன்றுமில்லை. 1953 எவரெஸ்ட் குழுவின் உடலியங்கியலாளர் கிரிஃபித் பியூ, காற்றறையில் ஆட்களை ஓடவிட்டு, முன்னால் ஓடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னே ஓடினால் காற்றுத் தடைக்காகும் செலவில் 80 சதவீதம் மிச்சம் என்று 1971-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவன். பதிலுக்குக் காற்று மறைப்பதாவது மருமகன் செய்யட்டும்.

அதே பியூவை நினைத்துத்தான் பையில் காற்று புகாத சட்டை ஒன்றை அவன் திணித்திருந்தான் என்று சொல்ல வேண்டும், அவனுக்குப் பியூவைத் தெரியாவிட்டாலும். 1964 மார்ச்சில் வட இங்கிலாந்தில் நெடுநடைப் போட்டி ஒன்றில் மழையிலும் காற்றிலும் மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்தார்கள். பனிமலை இல்லை, சாதாரண மேட்டு நிலம். பியூ காரணத்தைத் தேடினார். நனைந்த துணியில் காற்று பட்டால் அதன் கதகதப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. வேகமாகப் போகும்வரை உடல் சூட்டை உண்டாக்கிச் சமாளிக்கிறது. களைத்து வேகம் குறையும்போது வருமானம் நின்றுபோகும், செலவு மட்டும் ஓடும். சென்னையில் வியர்வை உலர்வதில்லை என்பது என் பத்து வருடப் புகார். பீச்சி ஹெட் உச்சியில், 162 மீட்டர் உயரத்தில், அரை நிமிடத்தில் உலர்ந்துவிட்டது. பல் கிட்டியது. சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து ஈஸ்ட்போர்னுக்கு ஒரே இறக்கம். கடைசிப் புல் சரிவு நேராக ஊரின் ஓரத்துச் சாலையில் கொண்டுபோய் விடுகிறது. அதை நான் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். 145 நிமிடம்.

அன்று ராத்திரி ஒன்றுமில்லை. மறுநாள் காலை லேசான இறுக்கம். அடுத்த நாள்தான் தெரிந்தது. மாடிப் பேருந்தின் மேல்தட்டிலிருந்து இறங்க இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தேன். பின்னால் நின்ற பாட்டியம்மா பொறுமையாகக் காத்திருந்தார். ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போதுதான்! கிழிந்த இடமும் வலிக்கும் வேலையும் ஒன்று. இதை லாக்டிக் அமிலத்தின் மேல் போடுவது இன்னும் உடற்பயிற்சிக் கூடங்களில் வழக்கம். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விடும். இரண்டாம் நாள் வலிக்குப் பொறுப்பேற்க அது ஊரிலேயே இருக்காது. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் இது தசைக்குள் நேரும் சிறு கிழிசலின் வேலை என்று சொல்லிவிட்டார். கிழிசல் உடனே வலிப்பதில்லை. பழுது பார்க்க வரும் செல்களும் வீக்கமும் வந்து சேர ஒன்றிரண்டு நாளாகிறது.

பழுது பார்க்கிற உடம்பு பழையபடி மட்டும் கட்டிவிட்டுப் போவதில்லை. ஒரே ஒரு முறை இறக்கத்தில் ஓடினாலே போதும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட, அடுத்த இறக்கம் அவ்வளவு பாதிப்பதில்லை. நரம்பு விசையைப் பகிர்ந்து கொடுக்கும் விதம் மாறுகிறது, இழைகளைச் சுற்றியுள்ள கட்டுமானம் வலுப்படுகிறது. இதைச் சோதிக்க எனக்கு ஊர் திரும்ப மூன்று வாரம் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே பேருந்து, அதே எக்ஸீட், அதே 12 கிலோமீட்டர். இந்தத் தடவை மேட்டில் மரியாதையாக நடந்தேன். 136 நிமிடம்.

ஒன்பது நிமிடம்தானா என்று அக்கா மகன் கேட்டான். இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். ஏற்றங்களில் வித்தியாசமே இல்லை. நெய்ஸ்மித் பெரியவரின் 27 நிமிடம் அப்படியே இருந்தது. இறக்கங்களில் மட்டும் 16 நிமிடம் மிச்சம். கடைசிச் சரிவை நேராகவே ஓடி இறங்கியிருந்தேன். நின்றிருந்த நேரம்தான் 12 நிமிடத்திலிருந்து 19 ஆகக் கூடியிருந்தது. கூடிய ஏழில் ஐந்து, ஹேவன் ப்ரோவின் உச்சியில், ஓடாத அந்த ஆற்றின் வளைவுகளைத் திரும்பிப் பார்த்தது. மீதி இரண்டு, ஃபிளாட் ஹில் என்ற முகட்டுக்குப் பக்கத்தில் வழியை விட மறுத்த ஒரு செம்மறியாட்டின் கணக்கு.